பழைய காலனி வீட்டுக்கு ஒரு மேஸ்திரியின் எஸ்டிமேட்

ஆந்திராவின் குடுபல்லி மண்டலத்தில் எந்த ஊருக்குப் போனாலும், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு காலனி இருக்கும். ஒரே அளவில், ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கும் சின்ன வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் ஒரு திண்ணை. எல்லாம் அரசுப் பணத்தில் எழும்பியவை. நான் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டதே இப்படிப்பட்ட வீடுகளில்தான். அன்று அவற்றைக் கட்டினேன். இன்று என் வேலையில் பெரும்பங்கு அதே மாதிரி வீடுகளின் தளத்துக்கு முட்டுக் கொடுப்பதும், உதிர்ந்த பூச்சை எடுத்துவிட்டு உள்ளே துருப்பிடித்த கம்பியைக் காப்பாற்றுவதும், ஒழுகும் மாடியை அடைப்பதும்தான்.

இந்த வேலையில் இத்தனை காலம் இருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. காலனி வீட்டின் பழுது, அதில் குடியிருப்பவர்களின் அசட்டையால் வந்ததில்லை. கட்டிய அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்த பழுது அது. ஒதுக்கிய தொகையிலேயே பாதி பழுது எழுதப்பட்டுவிட்டது. ஆகவே அதைச் சரிசெய்யும் பொறுப்பிலும் அரசுக்குப் பங்கு உண்டு. அந்தப் பணம் வரும்போது எதில் போட்டால் வீடு நிற்கும், எதில் போட்டால் ஒரு மழையோடு போகும் என்பதை வேலை செய்தவன் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் கலந்து வரும். மேஸ்திரிக்கு எல்லை கிடையாது. இந்தப் பக்கம் குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் வேப்பனப்பள்ளி, நாட்றம்பள்ளி. மேற்கே கர்நாடகத்தில் தங்கவயல். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே சாரம் கட்டுவோம். ஆந்திராவின் காலனி வீட்டையும், தமிழ்நாட்டின் தொகுப்பு வீட்டையும், தங்கவயலின் லைன் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதனால்தான் முடிந்தது. மூன்றுக்கும் கட்டிய காலம் வேறு, கூரை வேறு, கொடுத்த அரசு வேறு. மூன்றிலும் புதிதாகக் கட்டப் பணம் இருந்த அளவுக்குப் பழுதுபார்க்கப் பணம் இருந்ததில்லை.

பழுது எப்படி உள்ளே போனது என்பதை முதலில் சொல்கிறேன்.

மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டமான இந்திரா ஆவாஸ் யோஜனா 1985இல் தொடங்கியது. 1996 ஜனவரியிலிருந்து தனித் திட்டமாக நடந்தது. அந்த ஆண்டிலேயே சமவெளியில் ஒரு வீட்டுக்கு 20,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். வீட்டின் அளவு 20 சதுர மீட்டர், எங்கள் கணக்கில் ஏறக்குறைய 215 சதுர அடி. சதுர அடிக்கு 93 ரூபாய் வருகிறது. 2004இல் 25,000, 2008இல் 35,000, 2010இல் 45,000, 2013இல் 70,000 என்று தொகை ஏறியது. சிமெண்டும் கம்பியும் கூலியும் அதைவிட வேகமாக ஏறின. ஒப்பந்தக்காரர் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் கூலிக்குப் போகிற ஒரு குடும்பம், கையில் தவணை தவணையாக வரும் அந்தத் தொகையை வைத்துக்கொண்டு தளம் போட நின்றால் என்ன நடக்கும்?

என்ன நடந்தது என்பதைத் தளத்தைக் கொத்தும்போது பார்க்கிறேன். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்று போக வேண்டிய கலவையில் ஜல்லியும் மணலும் கூடியிருக்கும். கலவை இளகட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அந்தத் தண்ணீர் வற்றியபிறகு கான்கிரீட்டுக்குள் ஊசித் துளைகள் மிஞ்சும். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்திருக்க மாட்டார்கள். கம்பி நேராகச் சென்ட்ரிங் பலகை மேலேயே படுத்திருக்கும். 2000ஆம் ஆண்டு வந்த இந்தியத் தர விதி, சாதாரண இடத்தில்கூடக் கம்பிக்குக் கீழே பொதுவாக 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது. நான் கொத்திப் பார்த்த பல தளங்களில் பூச்சை எடுத்ததும் கம்பி தெரியும். கான்கிரீட் போட்ட மறுநாள் முதல் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். கோடையில் குடிக்கவே தண்ணீர் தூக்கி வரும் ஊரில் தளத்துக்கு எங்கே போவது? இரண்டு நாள் தெளித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

இது திருட்டு இல்லை. சில இடங்களில் அதுவும் இருந்திருக்கலாம். பெரும்பாலும் பணப் பற்றாக்குறையும், சொல்லிக் கொடுக்க ஆளில்லாததும்தான். தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு சதுர அடி தளவீடு கட்டச் சொன்னால், எந்தக் கையாக இருந்தாலும் எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். குறைப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கும்.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரம் அதைக் காப்பாற்றும். காற்றில் இருக்கும் கரியமில வாயு ஊசித் துளைகள் வழியாக உள்ளே போகப் போக அந்தக் காரம் குறையும். கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், தடிமனாக இருந்தால் அந்த வாயு கம்பியைத் தொட ஐம்பது அறுபது வருஷம் ஆகும். கவரே இல்லாத தளத்தில் சில வருஷங்களே போதும். அதற்குப் பிறகு ஈரம் பட்டதும் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். தூங்குகிறவர் மேல் கட்டி விழுவது இப்படித்தான்.

“ராத்திரில மேல உழுவுது மேஸ்திரி. புள்ளைங்கள எந்த மூலைல படுக்க வெக்கறது?” என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். வீட்டில் இருந்தது ஒரே அறை. மூலைக்கு மூலை பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. அந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் சவுக்கு முட்டுகள் கொண்டுவந்து நடுவில் ஒரு பலகை போட்டுத் தாங்கி நிறுத்தினோம். பழுதுவேலையில் முதல் வேலை எப்போதும் அதுதான்: வீட்டுக்குள் இருப்பவர் உயிர் தப்ப வேண்டும். ஆனால் முட்டுக் கொடுக்க எந்த எஸ்டிமேட்டிலும் பணம் எழுதி நான் பார்த்ததில்லை.

ஒரு வீட்டுக்குப் போனதும் நான் உள்ளே நுழைவதில்லை. முதலில் மாடி ஏறுவேன். கீழே தெரிகிற நோய்க்கு வேர் மேலே இருக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரியும். தேங்கும் இடத்துக்கு நேர் கீழேதான் பெரும்பாலும் கம்பி வெளியே வந்திருக்கும். தண்ணீர் வெளியேறும் தூம்பு மண் அடைத்துக் கிடக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரல் நுழையும் வெடிப்பு இருக்கும். எங்கள் பகுதி கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிர் எலும்பைத் தொடும். சித்திரை வெயிலில் தளம் காய்ந்து சுடும். சுருங்கிச் சுருங்கி விரியும் தளம் சுவரைவிட்டுப் பிரிகிற இடம் அந்த மூலை.

பிறகு உள்ளே வந்து சின்னச் சுத்தியலால் தளத்தைத் தட்டுவேன். நல்ல இடம் கணீர் என்று சொல்லும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் மொத்தென்று பதில் தரும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தளம்கூட மொத்தென்று ஒலிப்பதுண்டு. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்வேன். கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஓடும் வெடிப்பு துருவால் வந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு கடைக்கால் இறங்கியதால் வந்தது. தளத்துக்குக் கீழே சுவரில் படுக்கையாக ஓடும் வெடிப்பு வெயிலால் வந்தது. வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் மட்டும் இறங்குகிறது. பழுப்பாகக் கசிந்திருந்தால் தண்ணீர் கம்பியைத் தொட்டுவிட்டது. இதெல்லாம் படிப்பில்லாமலே தெரிந்துகொள்ளக் கூடியவை. ஒரு வீட்டைத் தட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்பதுதான் பழுதுபார்ப்புத் திட்டங்களின் பெரிய ஓட்டை.

அடுத்து, மருந்து. உதிரும் கான்கிரீட்டை எடுத்தால் மட்டும் போதாது. கம்பியின் பின்புறம் விரல் போகும் அளவுக்குக் கொத்த வேண்டும். கம்பியின் மேல்பாதியில் துரு இருக்கும்போது கீழ்ப்பாதியை மட்டும் தேய்த்துப் பூசினால், அடுத்த வருஷமே பூசியது முழுப் பாளமாக விழும். கம்பியை இரும்பு பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, வெள்ளையாக மின்னும் வரை தேய்க்க வேண்டும். கம்பியின் கனத்தில் கால்பங்குக்கு மேல் அரித்துப்போயிருந்தால், பக்கத்தில் புதுக்கம்பி வைத்து, இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு போதிய நீளம் சேர்த்துக் கட்ட வேண்டும். துரு தடுக்கும் பெயிண்ட், பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டுவதற்கான பால், அதன்மேல் பாலிமர் கலந்த கலவை. அதையும் ஒரே மூச்சில் அப்பக்கூடாது. ஒரு படை இறுகியபிறகு அடுத்த படை. கடைசியில் ஈரச்சாக்கு கட்டிக் காக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபிறகு மாடியைச் சரிசெய்யாவிட்டால் செய்தது அத்தனையும் வீண். மாடிக்குப் பழைய காலத்து மருந்துதான் இன்றைக்கும் நல்லது. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து, தூம்பை நோக்கிச் சரிவு விட்டுப் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கட்டை துள்ளிக் குதிக்கும் வரை அடி நிற்காது. அப்படி அடித்த தளம் வெயிலில் கீழே சூட்டை விடாது. மழையில் தண்ணீரை விடாது. காலனி வீடுகளில் பெரும்பாலானவற்றின் மேல் அந்தப் படையே கிடையாது. போட்ட கான்கிரீட்டே மாடி. பணம் தளத்தோடு முடிந்துவிட்டது. மேலே போட வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, பார்க்கப்படாமலே போனது.

2021 நவம்பரில் எங்கள் சித்தூர் மாவட்டம் முழுவதும் கொட்டிய மழை இந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு பரீட்சையாக வந்தது. பாலாறு கரை புரண்டது. ஏரிகள் கோடி போயின. மழை நின்றபிறகு வாரக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புகார், ஒரே நோய். மேல்படை போட்ட வீடுகள் தப்பின. போடாத வீடுகளில் தளம் பஞ்சு போல ஊறி நின்றது. அரசு பின்னால் செலவழிக்க வேண்டியதை முன்னால் ஒரு மேல்படைக்குச் செலவழித்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டேன்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்திரா ஆவாஸில் ஒரு நல்ல வழி இருந்தது. 1999-2000 முதல், ஒதுக்கிய பணத்தில் 20 சதவீதம் வரை பழைய கச்சா வீடுகளை மேம்படுத்தலாம் என்று விட்டிருந்தார்கள். தொகை முதலில் 10,000, பிறகு 12,500, 2008இல் 15,000. சின்னத் தொகைதான். ஆனால் பழையதைச் சீர்செய்வதும் வீட்டுவசதிதான் என்ற ஒப்புதல் அதில் இருந்தது. 2016இல் வந்த பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டம், வீட்டின் அளவை 25 சதுர மீட்டராகவும் தொகையைச் சமவெளிக்கு 1,20,000 ஆகவும் உயர்த்தியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அது புது வீட்டுக்கான திட்டம். 2011 கணக்கெடுப்பில் வீடில்லாதவர்கள், கச்சா சுவரும் கச்சா கூரையும் கொண்ட ஒன்றிரண்டு அறைகளில் இருப்பவர்கள், இவர்களே முதலில் பட்டியலில் வர முடிந்தது. கான்கிரீட் தளம் இருந்தால் அது பக்கா வீடு. கம்பி தொங்கினாலும் அது பக்கா வீடு.

எங்கள் காலனிக்காரர்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். அரசு ஏட்டில் அவர்களுக்கு வீடு கொடுத்தாகிவிட்டது. புது வீடு கேட்டால் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பழுதுக்குக் கேட்டால் அதற்குத் தலைப்பே இல்லை. ஆந்திராவில் வீட்டுவசதிக் கழகம் 1979 முதல் இருக்கிறது. 2006இல் இந்திரம்மா திட்டம் வந்தது. 2020 டிசம்பரில் வீட்டுமனைப் பட்டாக்கள் லட்சக்கணக்கில் கொடுத்துப் புதுக் காலனிகள் போட்டார்கள். ஒவ்வொரு அரசும் தன் பெயரில் வீடு கட்டியது. முந்தைய அரசு கட்டிய வீட்டின் ஒழுகலுக்கு அதே பெரிய மனசோடு யாரும் வரவில்லை. ஒழுகலை அடைத்தால் திறப்புவிழா நடத்த முடியாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் 2024இல் வேறு மாதிரி நடந்தது. 2000-2001 வரை பல்வேறு அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் சுமார் இரண்டரை லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் சீரமைப்போம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சராசரி போட்டால் வீட்டுக்கு 80,000 ரூபாய். ஒரு மேஸ்திரியாகச் சொல்கிறேன்: ஒரு சின்னத் தொகுப்பு வீட்டுக்கு மேல்படை போட்டு, தளத்தில் மொத்தென்று ஒலிக்கும் இடங்களைச் சரிசெய்து, ஜன்னல் மேலே சன்ஷேட்டைத் திருத்த இந்தத் தொகை பயன்படும் தொகை. அடுத்த ஆண்டு, சீர்செய்ய முடியாத நிலைக்குப் போன 25,000 வீடுகளை 600 கோடியில் இடித்துக் கட்டுவோம் என்று மறுகட்டுமானத் திட்டம் ஒன்றையும் சொன்னார்கள். அது வீட்டுக்கு 2,40,000. சீர்செய்யலாம் என்பதையும், இனி முடியாது என்பதையும் பிரித்துப் பார்த்த இந்த அறிவு எனக்கு மிகவும் பிடித்தது. பாதி அரித்த தளத்தில் ஒட்டுப்போட்டு ஒரு குடும்பத்தை அதற்குக் கீழே திரும்பப் படுக்க வைப்பது பாவம்.

அந்தப் பக்கம் வேலைக்குப் போனபோது நான் கவனித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வேலைகளில் அளவுக்கு வருவது பூசிய சதுர அடியும் அடித்த வெள்ளையும்தான். கொத்தியது, தேய்த்தது, தாங்கியது எதற்கும் அளவு கிடையாது. எம்புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பில் வராது. பில் வராத வேலையை யார் செய்வார்? அப்போது மேஸ்திரிக்கு இருக்கும் சுலபமான வழி, உதிர்ந்ததைத் தட்டிவிட்டு, துருமேலேயே சிமெண்டு அப்பி, மணியாஸ் கட்டையால் தேய்த்து, வெள்ளை அடித்துப் போட்டோ எடுப்பது. படத்தில் வீடு புதுசாக இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் புதுப்பூச்சும் விழும். பழைய துண்டைவிடக் கனமாக விழும். தப்பாகச் செய்த பழுதுவேலை, செய்யாததைவிட ஆபத்து.

ஆபத்து எவ்வளவு என்பதற்குச் சென்னை திருவொற்றியூர் சாட்சி. 1993இல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் இடிந்து தரைமட்டமானது. முன்பே வெடிப்புச் சத்தம் கேட்டு ஜனங்கள் வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். முப்பது வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கட்டடம் ஜனங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கையை, அதற்கு வெகுநாள் முன்பே ஒரு சுத்தியல் கேட்டிருக்கும்.

தங்கவயலின் கதை வேறு. பிசாநத்தம் பக்கமிருந்து போனால் சீக்கிரம் வந்துவிடும் அந்த ஊர், எங்கள் பகுதித் தமிழர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி. சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். சுரங்கம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் கைமாறியது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். வீடுகள் மட்டும் நின்றன. அதில் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நின்றார்கள். அந்த வீட்டுக்கு வாடகைக்காரரா, சொந்தக்காரரா என்ற கேள்வி வருஷக்கணக்கில் முடியாமல் இழுத்தது. சொந்தம் என்று காட்டத் தாள் இல்லாதவருக்கு எந்தத் திட்டத்தின் கதவும் திறக்காது. தகரம் ஓட்டையானால் அவர்கள்தான் மாற்ற வேண்டும். சுவர் சாய்ந்தால் அவர்கள்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். அங்கே தகரம் மாற்றும் வேலைக்குப் போகும்போதெல்லாம் பழுதுக்கான பணத்தில் முதல் பகுதி கலவையில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வீடு யாருடையது என்று எழுதிக் கொடுப்பதும் சீரமைப்புதான்.

முன்பு அரசுடையதாக இருந்து பிறகு குடியிருப்பவர் கைக்கு வந்த வீட்டில் பழுது கண்டால் பொறுப்பு யாருக்கு? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு அவசரத்தில் அச்சு வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி நகராட்சிகள் ஆயிரக்கணக்கில் வீடு கட்டின. 1980இல் வந்த சட்டப்படி குடியிருந்தவர்களுக்கே அவற்றை விற்றார்கள். விற்றபிறகு பார்த்தால், கான்கிரீட்டுக்குள் கம்பி அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் தளத்தில் வந்த அதே நோய். வாங்கியவர் கட்டியவர் இல்லை, அவருக்குத் தெரிந்து வாங்கியதும் இல்லை என்று ஏற்றுக்கொண்டு 1984இல் வீட்டுப் பழுதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். சீர்செய்யும் செலவில் 90 சதவீதம் மானியம், இல்லாவிட்டால் நகராட்சியே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது.

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்து திரும்பிய என் சித்தப்பா மகன் அந்த ஊர்க் கதையைச் சொல்வான். அங்கே பெரும்பாலான ஜனங்கள் இருப்பது அரசு வீட்டுவசதி வாரியம் கட்டி விற்ற அடுக்குமாடிகளில். 2007இல் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. முதலில் 1986 வரை கட்டிய வீடுகள், பிறகு 1997 வரை கட்டியவை. பிளாக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து சரி என்று வாக்களித்தால் வேலை தொடங்கும். உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர்க் குழாய் மாற்றுவது போன்ற அத்தியாவசிய வேலைக்குக் குடிமக்களிடம் காசு வாங்குவதில்லை. முழுதும் அரசின் செலவு. விற்றாகிவிட்டது, இனி உன் பாடு என்று அங்கே சொல்லவில்லை.

எங்கள் ஊர் இங்கிலாந்தும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. ஏட்டின்படி இங்கே கட்டியவர் பயனாளிதான். ஆகவே பழுதும் அவருடையது என்று ஒரு அதிகாரி சொல்லிவிடலாம். அதற்கு என் பதில் இதுதான்: அளவை முடிவு செய்தது அரசு, தொகையை முடிவு செய்தது அரசு, மனையைக் காட்டியது அரசு. பல இடங்களில் அது ஏரிக்கரைப் பள்ளமாகவும் மழைநீர் வந்து சேரும் சரிவாகவும் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து பாதி பழுதைப் பிறப்பித்தன. கரண்டி பிடித்த எங்களுக்கும் பங்கு உண்டு. குடியிருப்பவருக்குத்தான் மிகக் குறைந்த பங்கு. ஆனால் மொத்தச் சுமையும் அவர் தலைமேல்தான் விழுகிறது.

நான் ஒரு எஸ்டிமேட் எழுதுவதாக இருந்தால் அதன் வரிசை இப்படி இருக்கும். முதல் வரி, தட்டிப் பார்க்கும் கூலி. 2019இல் ஆந்திராவில் ஊருக்கு ஊர் சச்சிவாலயம் என்ற கிராமச் செயலகம் வந்தது. அதில் இன்ஜினியரிங் படித்த ஒரு உதவியாளரை வைத்தார்கள். அவர் கையில் ஒரு சுத்தியலும், அவர் கூடவே அனுபவமுள்ள ஒரு மேஸ்திரியும் இருந்தால், ஒரு மண்டலத்தின் காலனிகள் அத்தனையையும் ஒரு கோடைக்குள் தட்டிப் பார்த்துவிடலாம். எந்த வீடு உடனே, எந்த வீடு பொறுக்கலாம், எந்த வீட்டை இடிக்க வேண்டும் என்று பட்டியல் வரும். இரண்டாவது வரி, முட்டு. மூன்றாவது, மாடியின் மேல்படையும் தூம்பும். நான்காவது, கம்பி; அதைக் கொத்தித் தேய்த்த நிலையில், மூடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து எம்புக்கில் ஏற்ற வேண்டும், அப்போதுதான் அந்த வேலைக்குக் கூலி வரும். ஐந்தாவது, பூச்சு. வெள்ளை கடைசி வரி. பணம் தீர்ந்துவிட்டால் வெட்டக்கூடிய ஒரே வரியும் அதுதான்.

பணம் குறைவாக வந்தால் எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். ஒரு காலனியில் இருபது வீட்டுக்கு அரைகுறையாகச் செய்வதைவிட, தளம் ஆபத்தாக இருக்கும் எட்டு வீட்டை முழுதாகச் செய்து, மிச்சத்துக்கு மாடி மட்டும் அடைத்துவிட்டால், அந்தப் பன்னிரண்டு வீடும் ஆபத்துக்குப் போகாமல் நிற்கும். அடைத்த மாடிக்குக் கீழே துருவும் மெதுவாகிவிடும்.

இன்னொரு கவலையும் உண்டு. இப்போது வேலைக்கு வரும் பையன்களுக்குப் புது வேலை நன்றாகத் தெரிகிறது. ரெடிமிக்ஸ் வந்தது, டைல்ஸ் வந்தது, கை வேகம் வந்தது. பழையதைத் தட்டிக் கேட்கும் காது அவர்களுக்கு வரவில்லை. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும், மேல்படையின் சரிவு எவ்வளவு என்று தெரிந்த கைகள் இந்தப் பக்கம் குறைந்துவிட்டன. சீரமைப்புக்கு ஒதுக்கும் பணத்தில் சிறுபங்கை இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க வைத்தால், ஒவ்வொரு ஊரிலும் பழுது தெரிந்த ஒரு கை மிஞ்சும். எந்தத் திட்டம் நின்றாலும் அந்தக் கை நிற்கும்.

புது வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிசையில் இருப்பவருக்குப் புது வீடு வேண்டும். ஆனால் நாம் இன்றைக்குக் கட்டும் வீடும் இருபது வருஷத்தில் பழைய வீடு ஆகும். இன்றே அதன் மேல்படைக்குப் பணம் போட்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்க ஒரு தலைப்பு வைத்து, அதை ஆட்சி மாறினாலும் வெட்ட முடியாத செலவாக எழுதிவிட்டால், நம் பிள்ளைகள் காலத்து மேஸ்திரி சாரம் கட்டும்போது கொத்த வேண்டியது குறைவாக இருக்கும். வீடு கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, அந்த வீட்டை நிற்க வைக்கும் வரைதான் ஒரு அரசுக்கு உண்டு.